வீடு பார்க்கப் போன சைக்கிள்கள்

என் வீட்டுக்காரருக்கு வண்டியைத் திருப்பத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரயில் இன்ஜினில் திருப்புவதற்கு எதுவும் கிடையாது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம், ஊதலாம். எந்தப் பக்கம் போவது என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படியே ஓட்டிப் பழகிய மனிதர் ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் வாங்கினால் என்ன ஆகும்? நேர்ச்சாலையில் ராஜா. முச்சந்தி வந்தால் காலை ஊன்றி நின்றுவிடுவார். யாரோ வந்து பாதையை மாற்றிவிடப் போகிறார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி நிற்பார். பிரேக்கும் அப்படித்தான். டீக்கடை கண்ணுக்குத் தெரிந்ததுமே பிடிக்கத் தொடங்குவார். கடைக்கு வெகு முன்னாலேயே வண்டி நின்றுபோகும். மீதித் தூரம் தள்ளிக்கொண்டு போவோம்.

சைக்கிள் வாங்கச் சொன்னது டாக்டர். உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, காலுக்கு வேலை கொடுங்கள் என்றார். டாக்டர் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன். ஓய்வு பெற்ற முதல் மாதம் முழுக்க அவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். குழாய்களைத் திருகிப் பார்த்தார். நான் அடுப்பில் பால் வைத்தால் பக்கத்தில் வந்து நின்று, "பொங்கப் போகுது" என்றார். நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவள். அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். தனியாக இருந்த அந்தக் கொஞ்ச காலம் வீடு வீடாக இருந்தது. அதன்பிறகு என் தலையைத் தின்ன ஒரு ஆள் முழுநேரமும் வந்து சேர்ந்தார்.

இரண்டு சைக்கிள் வாங்கினோம். எனக்கும் ஒன்று எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். இவர் தனியாகப் போனால் முதல் முச்சந்தியிலேயே நின்றுகொண்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. "எனக்கும் காலு இருக்குல்ல" என்றேன்.

ரயில்வே குடியிருப்பை ஆறு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. மகள் பெரிய நகரத்தில் இருக்கிறாள். "எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு, வந்துடுங்கம்மா" என்றாள் போனில். அந்த அறை எனக்குத் தெரியும். இஸ்திரி போடும் மேசைக்கும் மாப்பிள்ளை வாங்கிப்போட்டு ஏறாத நடைப்பயிற்சி இயந்திரத்துக்கும் நடுவே எங்களுக்கு ஒரு கட்டில். நான் பிடி கொடுக்காமல் பேசி வைத்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன்: "சைக்கிள்லயே ஊர் ஊராப் போவோம். எது பிடிக்குதோ அங்க ஒரு வீடு வாங்கிக்கலாம். ஆனா ஒண்ணு. வீட்ட நான்தான் பார்ப்பேன்."

"பாரேன். யார் வேண்டாம்னா?"

"விளையாட்டுக்குச் சொல்லல. நான் பார்த்து, நான் சரின்னு சொல்ற வீடு."

"உன் இஷ்டம். நீ எந்த வீட்டக் காட்டுறியோ அதுல வந்து படுத்துக்கிறேன். சைக்கிள் வைக்க இடம் இருந்தா போதும்."

இதில் நான் ஏன் இவ்வளவு அடம் பிடித்தேன் என்றால், எனக்கு வயது அறுபதைத் தொடப் போகிறது, ஒரு வீட்டைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை. என் அப்பா சிறைக் காவலர். நான் பிறந்து வளர்ந்தது காவலர் குடியிருப்பில். கல்யாணமாகிப் போனது ரயில்வே குடியிருப்புக்கு. மாற்றல் வரும், லாரி வரும், புது ஊரில் யாரோ ஒரு அதிகாரி ஒதுக்கிய வீட்டின் சாவியை இவர் வாங்கி வருவார். எல்லா ஊரிலும் ஒரே அச்சில் வார்த்த வீடு. உள்ளே நுழைந்தால் இடது கைப் பக்கம் தோள் உயரத்தில் சுவிட்சு, வலது பக்கம் அடுப்படி, கடைசியில் குளியலறை. சுவரெல்லாம் ஒரே வெளிர் மஞ்சள். ஊர் மாறியது வெளியே போனால்தான் தெரியும். அடுத்த வீட்டில் மின்சாரம் போனால்கூட நான் போய்த் தடுமாறாமல் மெழுகுவத்தி எடுத்துக் கொடுப்பேன். கட்டிலை எங்கே போடலாம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கட்டில் நுழையும் மூலை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எனக்கு ஆசை என்று பெரிதாக எதுவும் கிடையாது. இந்த ஒன்று இருந்தது.

புறப்பட்டோம். பின்சக்கரத்தின் இருபுறமும் பைகள், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், காற்றடிக்கும் பம்பு, மாற்று உடுப்பு. அவர் முன்னால், நான் பின்னால்.

முதல் நாளே அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். இன்ஜினில் டிரைவரும் துணை டிரைவரும் இருப்பார்கள். சிக்னல் தெரிந்ததும் டிரைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பச்சை." துணை டிரைவரும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "பச்சை." இரண்டு பேரும் விழித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பதில் வராவிட்டால் டிரைவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சைக்கிளிலும் அப்படியே என்றார்.

"பள்ளம்!" என்பார்.

"பள்ளம்!" என்பேன்.

"எதிர்ல லாரி!"

"லாரி!"

"நாய்!"

"நாய்!"

எதிரே வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முதல் சில நாட்கள் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியது என்றால் எந்த அளவுக்கு என்று கேளுங்கள். லாட்ஜில் படுக்கப் போகும்போது அவர் "கதவு பூட்டியாச்சு" என்பார், நான் போர்வைக்குள்ளிருந்து "பூட்டியாச்சு" என்பேன். பூட்டியிருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிற எனக்குப் பள்ளம் எங்கே தெரிந்தது? வாய் தானாகச் சொன்னது.

முதலில் ஒரு மலையூர். குளிர்ச்சியான ஊர்தான். காய்கறிக் கடைக்குப் போய்வருவதற்குள் தொடை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. "ஏத்தம் ஜாஸ்தி" என்றார் அவர். "ஜாஸ்தி" என்றேன். அடுத்தது கடலோர ஊர். மூன்றாம் நாள் காலையில் சங்கிலியைத் தொட்டால் விரலெல்லாம் துரு. "உப்புக்காத்து. சைக்கிள் தாங்காது." "தாங்காது" என்றேன். அதற்கடுத்த ஊரில் எல்லாரும் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். லாட்ஜ் வாசலில் காற்றடிக்கக் குனிந்தால் நாலு பேர் வந்து ஆலோசனை சொன்னார்கள். என்ன வயது, எத்தனை பிள்ளை, ஏன் ஒன்றோடு நிறுத்தினீர்கள் என்று ஒரு பெரியவர் பம்பைப் பிடித்துக்கொண்டே விசாரித்தார். "சரிப்படாது" என்றார் இவர். "சரிப்படாது" என்றேன். அது உண்மையிலேயே சரிப்படாது.

உடம்பு மட்டும் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தது. அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். என் முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. மகள் மட்டும் போனில் அலுத்துக்கொண்டாள். "இன்னும் ஊர் கிடைக்கலையா? அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். நான் என்ன சொல்கிறேன் என்று அவள் கேட்டதில்லை. பழக்கம்தான், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ வந்த ஊரில்தான் அந்த வீடு. ஊர் சமதளம், சாலை அகலம், ஆஸ்பத்திரி பக்கத்தில். இவருக்கு ஊருக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்துவிட்டது, ஏனென்றால் சாலைக்குக் கூடவே தண்டவாளம் வந்தது. வீட்டுத் தரகர் ஒருவரைப் பிடித்தோம். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து, நடந்தால் சலங்கை மாதிரி சத்தம். நாங்கள் எங்களுக்குள் அவரைச் சாவிக்கொத்து என்றே சொல்லிக்கொண்டோம். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முழங்கை மடிப்பில் நல்ல தடித்த நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடலாம். இத்தனை வருடம் பார்த்த வேலை, யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

சாவிக்கொத்து கதவைத் திறந்துவிட்டு, "நல்ல ராசியான வீடு சார். ஒரு ரயில்வே இன்ஜினியர் ஓய்வு பெத்துக் கட்டினது. பிள்ளைங்க வெளிநாட்டுல. அதான் விக்கிறாங்க" என்றார்.

இவர் முன்னால் போனார், நான் பின்னால். குழாயைத் திருகினார்.

"தண்ணி வருது."

"வருது."

கதவை இழுத்து மூடிப் பார்த்தார். "சரியா மூடுது."

"மூடுது."

பின்னறை ஜன்னலைத் திறந்தார். வெளியே கொஞ்சம் புல்வெளி, அதற்கப்பால் தண்டவாளம். அவர் அங்கேயே நின்றுவிட்டார். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மங்கலாக இருந்ததால் விளக்கைப் போடலாம் என்று கையை நீட்டினேன். பார்க்காமல்தான் நீட்டினேன். இடது கைப் பக்கம், தோள் உயரம். சுவிட்சு அங்கே இருந்தது. விளக்கு எரிந்தது. வலது பக்கம் அடுப்படி. கடைசியில் குளியலறை. சுவர் வெளிர் மஞ்சள். அந்த இன்ஜினியர் மனிதர் ஓய்வு பெற்ற பிறகும் அதே வீட்டைத்தான் கட்டியிருக்கிறார்.

பின்னறையிலிருந்து இவர் குரல் வந்தது. "இதுவே போதும்."

"போதும்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை. வாய் சொன்னது. கை இன்னும் சுவிட்சின் மேல் இருந்தது.

அவர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்து சாவிக்கொத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அவங்களும் சொல்லிட்டாங்க. முடிச்சிடுங்க. நாளைக்கு வந்து முன்பணம் குடுத்துடுறோம்."

"அம்மாவுக்கும் திருப்திதானே?" என்று சாவிக்கொத்து மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார்.

"அதான் சொல்லிட்டாளே" என்றார் இவர்.

அந்த நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேற்றாள் முன்னால் அவரை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. அதோடு, என்ன குறை என்று சொல்வது? தண்ணீர் வருகிறது, கதவு மூடுகிறது. ஒரு குறையும் இல்லாத வீடு. குறை ஏதாவது இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

லாட்ஜ் ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. சைக்கிளை எடுத்தோம். அவர் உற்சாகமாக மிதித்தார்.

"பள்ளம்!"

நான் சொல்லவில்லை.

அவர் பிரேக்கைப் பிடித்து, கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றார். திரும்பிப் பார்த்தார். நான் வந்து நின்றேன்.

"பள்ளம்னேனே."

"கேட்டுச்சு."

மறுபடி புறப்பட்டோம். "பஸ்!" என்றார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நின்றார். "ஜல்லி!" நின்றார். "ஸ்கூல் பிள்ளைங்க!" நின்றார். பதில் வராவிட்டால் நிறுத்த வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது, அவரால் அதை மீற முடியாது. பின்னால் வந்த பால் வேன்காரர் எங்களைத் தாண்ட முடியாமல் பொறுமையிழந்து, "பெரியவரே, ஓட்டுறீங்களா, உருட்டுறீங்களா?" என்று கத்திவிட்டுப் போனார்.

ஒரு மூடிக்கிடந்த லாரி பட்டறை வாசலில் அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் திருப்பிச் சொல்ல மாட்டேங்கற?"

"திருப்பிச் சொல்லித்தான் ஒரு வீடே முடிவாகிப் போச்சு. இனிமே சொல்றதா இல்ல."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "நீ போதும்னு சொன்னியே" என்றார்.

"நீங்க சொன்னதத் திருப்பிச் சொன்னேன்."

"துணை டிரைவர் திருப்பிச் சொன்னா அவரும் பார்த்துட்டாருன்னுதான் அர்த்தம். பார்க்காம சொன்னா வண்டி கவுந்துடும்."

"கவுந்துடுச்சு. நான் உங்க துணை டிரைவர் இல்லங்க."

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கே ஒன்று உறைத்தது. மலையூரை வேண்டாம் என்றது யார்? கடலோர ஊரை வேண்டாம் என்றது யார்? அந்தக் கடற்கரைத் தெரு எனக்குப் பிடித்திருந்தது. துருப்பிடித்தால் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம். நான்தான் ஊர்களைத் தள்ளுகிறேன் என்று நினைத்துக்கொண்டே இத்தனை மாதம் மிதித்திருக்கிறேன்.

"ஒரு வீட்ட நான் பார்க்கணும்னு சொன்னேன்" என்றேன். "அது விளையாட்டு இல்லன்னும் சொன்னேன். இது வரைக்கும் உங்ககிட்ட வேற எதையும் பெருசா கேட்டதில்ல. இன்னைக்கு அந்தக் கூடத்துல நின்னப்ப எனக்கு அழுகை வந்துது. திரும்ப அதே வீடு. அதே சுவிட்சு. இதுக்கா இவ்வளவு தூரம் மிதிச்சோம்?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டறைக் கதவில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தலைக்கவசத்தைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். பிறகு, "அந்த ஜன்னல்லேர்ந்து லைன் தெரிஞ்சுது" என்றார். "வண்டி சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வருமான்னு பயமா இருக்கு. அதான் அவசரப்பட்டுட்டேன்." இவ்வளவு காலத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இரக்கமாகத்தான் இருந்தது. அதற்காக நான் இறங்கி வருவதாக இல்லை.

அவரும் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. போனை எடுத்து சாவிக்கொத்தைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஆள் எகிறுவது எனக்கே கேட்டது. "அம்மாதான சார் போதும்னு சொன்னாங்க? என் காதால கேட்டேனே!"

"அவங்க சொல்லல" என்றார் இவர். "நான்தான் சொன்னேன். ரெண்டு தடவையும் நான்தான்."

சாவிக்கொத்து அதற்கு என்ன சொன்னார் என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு இவர் தன் சைக்கிளை ஓரமாக நகர்த்தி எனக்கு வழிவிட்டார். "நீ முன்னால போ" என்றார்.

முன்னால் போன பிறகுதான் ஊர்கள் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் நேர்ச்சாலைகள்தான். அவருக்குத் திருப்பத் தெரியாதே. நுழைகிற சாலையில் நுழைந்து, வெளியேறுகிற சாலையில் வெளியேறி, இரண்டு பக்கமும் தெரிந்ததை ஊர் என்று நினைத்திருந்தோம். நான் சந்து கண்ட இடத்தில் எல்லாம் திருப்பினேன். அவர் பின்னால் பதறிக்கொண்டே வந்தார். "எங்க போற? இது முட்டுச் சந்து!" முட்டுச் சந்தில் போய் முட்டிவிட்டுத் திரும்பி வந்தோம். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

பள்ளத்தையும் லாரியையும் இப்போது நான் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார். அவர் நிஜமாகவே பார்த்துவிட்டுச் சொல்வார். சில நேரம் எட்டிப் பார்த்து, "அது பள்ளம் இல்ல, ஈரம்" என்று திருத்துவார். வேலை கற்ற மனிதர்.

இரண்டு ஊர் கழித்து, கண்ணாடிக் கடைகளும் கடிகாரக் கடைகளும் இருந்த ஒரு தெருவிலிருந்து திரும்பி, இன்னொன்று திரும்பி, மூன்றாவதாகத் திரும்பிய சந்தில் ஒரு மாடி வீடு விற்பனைக்கு இருந்தது. கீழே ஒரு தையல்காரம்மா குடியிருந்தாள். மேலே போகும் சாவியும் அவளிடமே இருந்தது. அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்து, "ஏறிப் பாருங்க, படி மட்டும் கொஞ்சம் மொரண்டு பிடிக்கும்" என்றாள். படி நடுவில் இடுப்பை ஒடித்துக்கொண்டு திரும்பியது. மேலே மூன்று அறை. ஒன்றும் சதுரமில்லை. ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் ஒட்டுப்போட்டுக் கட்டிய வீடு. எதிர் மாடியில் ஒரு சலவைக்கடையின் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நீங்க கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சும்மா நிக்கிறேனே."

"சும்மா நிக்கிறதுகூட எனக்குக் கேக்கும். போங்க."

போனார். படியில் அவர் காலடி இறங்கித் தேய்ந்தது. நான் தனியாக நின்றேன்.

இதைத்தானே கேட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் எனக்கு நெஞ்சு படபடத்தது. முதல் அறைக்குப் போனேன், இரண்டாவது அறைக்குப் போனேன், திரும்ப முதல் அறைக்கு வந்தேன். நல்ல வீடா, மோசமான வீடா என்று எனக்குத் தெரியவே இல்லை. குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. அது போதுமா, வேகம் குறைவா என்று சொல்ல ஆளில்லை. பக்கத்தில் ஒரு குரல் "வருது" என்று சொன்னால் தேவலை என்று இருந்தது. வேண்டாம் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, வேண்டாம் என்று திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். எத்தனையோ பேர் கையில் கூசாமல் ஊசி குத்தியவள், ஒரு காலி வீட்டின் நடுவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். இவரைக் கூப்பிட்டுவிடலாமா என்று படிக்கட்டு வரைக்கும் போனேன்.

கூப்பிடவில்லை. திரும்பி வந்து ஜன்னல் ஓரம் தரையில் உட்கார்ந்தேன். சலவைக்கடைப் பெண் வந்து விரிப்புகளைத் திருப்பிப் போட்டாள். என்னைப் பார்த்து, யார் இது என்று கண்ணைச் சுருக்கினாள். பிறகு தன் வேலையைப் பார்த்தாள். கட்டிலை எங்கே போடலாம் என்று யோசித்தேன். இந்த மூலையில் போடலாம். அந்த மூலையிலும் போடலாம். ஜன்னலுக்குக் குறுக்கேகூடப் போடலாம், யார் கேட்பது? அப்போது படபடப்பு கொஞ்சம் அடங்கியது. பிடித்திருக்கிறது என்று தோன்றியது. ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்ன?

கீழே இறங்கினேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரம்மாவின் வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தில் கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தார்.

"எடுத்துக்கலாம்" என்றேன்.

"நானும் ஒரு தடவ ஏறிப் பார்த்துட்டு வரட்டுமா?"

"வாங்கின பிறகு பாருங்க."

தையல்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, "பூட்டு புதுசா வாங்கணும்" என்றார். அதை மட்டும் நான் ஒப்புக்கொண்டேன்.

குடிவந்து வெயில் காலமும் வந்துவிட்டது. கட்டில் அந்தப் படியில் திரும்ப மறுத்ததால் கால்களைக் கழற்றி, சட்டங்களைப் பிரித்து, மேலே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினோம். இப்போது ஜன்னலுக்குக் குறுக்கே கிடக்கிறது, கொஞ்சம் இடிக்கிறது. அடுப்படி மேற்குப் பார்த்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை. மதியத்துக்கு மேல் உள்ளே நின்றால் ஆள் வெந்துவிடுவாள். ரயில் சத்தம் கேட்பதில்லை. அவர் தினமும் விடிந்ததும் ஸ்டேஷன் வரைக்கும் மிதித்துப்போய், ஏதோ ஒரு வண்டி வந்து போவதைப் பார்த்துவிட்டு வருகிறார். மூன்று திருப்பம் உண்டு. இரண்டில் இறங்கித் தள்ளுகிறார். தூக்கம் நன்றாகவே வருகிறது, குறட்டையைக் கேட்டால் தெரியும்.

போன வாரம் மகள் வந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதே படியில் முழங்கையை இடித்துக்கொண்டாள். கட்டிலில் தொடையை இடித்துக்கொண்டாள். மதியம் எனக்கு உதவுகிறேன் பேர்வழி என்று அடுப்படிக்கு வந்தவள் கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, முந்நூறு மைல் மிதித்து வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவர் கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுப்படியா இது, சூளையா? ஒரு சுவராவது நேரா இருக்கா? ஊரெல்லாம் சுத்தி, கடைசில யாருப்பா இந்த வீட்டப் பார்த்தது?"

அவர் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தார். வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான்தான்!" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிர் மாடியில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.